வர்த்தமானிக்கு முன் போய்ச் சேருங்கள்: கணினிக் கல்விச் சங்கம் ஒன்று அரச கொள்கையில் பங்கெடுப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் சங்கத்தின் கொள்கைக் குழு ஒரு சட்ட வரைவுக்கு 26 பக்கத்தில் கருத்துரை எழுதியது. நான்கு விரிவுரையாளர்கள், இரண்டு ஆய்வு மாணவர்கள், மூன்று வார இரவுகள். அடிக்குறிப்புகளே எழுபதைத் தாண்டின. அச்சடித்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் மரியாதையோடு புரட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சேர், எந்தப் பிரிவில எந்தச் சொல்லை மாத்தச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. அந்த 26 பக்கத்திலும் தேடினால் கிடைக்காது.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கொழும்பில் இயங்கும் ஒரு கணினிச் சங்கமோ, பல்கலைக்கழகத் துறையொன்றின் பழைய மாணவர் குழுவோ, ஏன், பத்துப் பேர் கொண்ட மாணவர் கிளையோகூட, தன் பேச்சை அரச கொள்கையில் ஏற்ற வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். கணினி தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள் சில இடங்களில் சிரிக்கலாம், பரவாயில்லை.

பெரிய சங்கங்கள் எப்படிச் செய்கின்றன

1947இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஏ.சி.எம். உலகின் மிகப் பழைய கணினிச் சங்கங்களில் ஒன்று. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தனித்தனியே கொள்கைக் குழுக்களை அது வைத்திருக்கிறது. 2004இல், இலத்திரனியல் வாக்களிப்பு இயந்திரங்கள் பற்றிய சண்டை அமெரிக்காவில் சூடாக இருந்த நேரம், அந்தச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. இயந்திரம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. வாக்காளர் தன் கண்ணால் சரிபார்க்கக்கூடிய பௌதிகப் பதிவு ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னது. பின்னர் பல மாநிலங்கள் காகிதப் பதிவைக் கட்டாயமாக்கின. அது அந்தச் சங்கத்தால் மட்டும் நடந்ததல்ல. ஆனால் சட்டம் எழுதுபவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய நிபந்தனை ஒன்று அவர் கையில் இருந்தது. 2017இல் கணினி வழிமுறைகளின் (அல்கோரிதம்) வெளிப்படைத்தன்மை பற்றி அதே சங்கத்தின் அமெரிக்கக் குழு வெளியிட்டது ஏழே ஏழு கோட்பாடுகள். எழுபது அடிக்குறிப்பு அல்ல.

இன்னொன்று சி.ஆர்.ஏ. எனப்படும் கணினி ஆராய்ச்சிச் சங்கம். 1972இல் தொடங்கியது. வட அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினித் துறைகளும் ஆய்வுகூடங்களும்தான் அதன் உறுப்பினர்கள், தனிநபர்கள் அல்ல. அது செய்வது இரண்டு வேலைகள் என்று எனக்குப் படுகிறது. ஒன்று எண்ணுவது: எத்தனை பேர் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள், எங்கே வேலைக்குப் போனார்கள், பெண்கள் எத்தனை பேர் என்று 1970களிலிருந்து வருடாவருடம் துறைகளிடம் கேட்டுத் திரட்டும் டோல்பி ஆய்வு. மற்றது பழக்குவது: கொள்கை வகுப்பவர்களோடு எப்படிப் பேசுவது என்று கணினி ஆய்வாளர்களுக்கே வகுப்பு எடுக்கிறார்கள். பேராசிரியர் என்றால் பேசத் தெரியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

நம்மிடமும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1976இல் இலங்கைக் கணினிச் சங்கம் உருவானது. 1983இல் தேசிய கணினிக் கொள்கை அறிக்கை தயாராகி, அடுத்த வருடமே சின்டெக் என்று அழைக்கப்பட்ட கணினி, தகவல் தொழில்நுட்பச் சபை அமைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க நீண்ட காலம் அதன் தலைவராக இருந்தார். 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை வந்தபோது பழைய சபையின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. அதாவது இந்த நாட்டின் முதல் கணினிக் கொள்கையை எழுதியதிலேயே பல்கலைக்கழகத்தார் கை இருந்தது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

1. சட்டமூலத்தின் பாதையைச் சுவரில் ஒட்டுங்கள்

இது ஒன்றைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். மற்ற எல்லாம் இதில் தொங்குகின்றன.

ஒரு யோசனை முதலில் அமைச்சரவைப் பத்திரமாகிறது. அமைச்சரவை தலையாட்டினால் சட்டவரைஞர் திணைக்களம் வரைகிறது. சட்டமா அதிபர் அது அரசியலமைப்புக்கு இசைவானதா என்று பார்க்கிறார். மறுபடி அமைச்சரவை. அப்புறம், அரசின் அதிகாரபூர்வ வெளியீடான வர்த்தமானி. பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி முதலாம் வாசிப்பு. அந்த இடத்தில், அரசியலமைப்பு அனுமதிக்கும் சில நாட்களுக்குள், எந்தக் குடிமகனும் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்தில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு, கடைசியில் சபாநாயகரின் சான்றுரை.

சான்றுரை விழுந்த பிறகு? ஒன்றும் கிடையாது. நம் அரசியலமைப்பின் 80 ஆவது உறுப்புரை, சட்டமாகிவிட்ட ஒன்றின் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ ஒரு சங்கம் சட்டம் வந்த பிறகும் பத்து வருடம் வழக்காடலாம். இங்கே கதவு மூடினால் மூடினதுதான். திருத்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இணையத்தில் வெளியிடப்படுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் நாட்களைப் பாருங்கள். வரைவு 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது. அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. பல பிரிவுகளைத் திருத்தாமல் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் தேதி 108க்கு 62 என்று சட்டம் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் தேதி சபாநாயகர் ஒப்பமிட்டார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தது. அது மார்ச் மாதம் தோற்றது. வர்த்தமானியிலிருந்து கையொப்பம் வரை ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரு பருவப் பரீட்சை நடத்தி விடைத்தாள் திருத்தவே எங்களுக்கு அவ்வளவு காலம் போகிறது.

சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தும் குழுநிலையையும் கவனியுங்கள். அங்கே நுழையும் திருத்தம் நீதிமன்றத்தின் கண்ணுக்குப் படாமலே சட்டமாகலாம். 2017இல் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டம் பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்கென்று உள்ளே போய், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றிக்கொண்டு வெளியே வந்தது. கணினித் துறைக்குச் சம்பந்தமில்லாத கதைதான், ஆனால் பாடம் எல்லாருக்கும் பொது.

சரி, இதிலிருந்து நமக்கு என்ன வேலை? அமைச்சரவைத் தீர்மானங்கள் கூட்டத்துக்குப் பிறகு வெளியிடப்படுகின்றன. அவற்றை ஒருவர் ஒவ்வொரு வாரமும் படிக்க வேண்டும். "தரவு", "டிஜிட்டல்", "அடையாள அட்டை", "இணைய", "தொடர்பாடல்" என்ற சொற்கள் தென்பட்டால் குழுவுக்குச் செய்தி போக வேண்டும். வர்த்தமானி வந்த பிறகு விழிக்கிற சங்கம் வழக்குப் போடலாம், ஊடகத்தில் கத்தலாம். வரைவை மாற்றும் வாய்ப்பு இரண்டு அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் இடையில்தான். சட்டமூலம் கொண்டுவருமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும் என்ற பொதுவான கடப்பாடு இங்கே இல்லாததால், அழைப்பு வரும் என்று காத்திருக்கவும் முடியாது. வந்தால் நல்லது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவு கருத்துக்கு விடப்பட்டது. 2024இல் செயற்கை நுண்ணறிவு வியூக வரைவும் அப்படியே.

2. யார் பெயரால் பேசுகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

சங்கத்தின் யாப்பை எடுத்துப் பாருங்கள். கொள்கை பற்றிப் பொதுவெளியில் பேச யாருக்கு அதிகாரம்? பெரும்பாலான யாப்புகளில் ஒரு வரியும் இருக்காது. செயற்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள்: ஐந்து பேர் கொண்ட கொள்கைக் குழு, 72 மணித்தியாலத்துக்குள் செயற்குழு ஆட்சேபிக்காவிட்டால் கருத்துரை வெளியே போகலாம். இந்த மணிக்கணக்கு இல்லாவிட்டால், ஒருவர் கண்டியில், ஒருவர் மெல்பேர்னில், ஒருவர் மகளின் திருமண வேலையில் என்று காலம் போய்விடும்.

நலமுரண்களை முதல் நாளே எழுதி வையுங்கள். நம் ஊரில் கணினிப் பேராசிரியர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களில் பலர் அரசுத் திட்டங்களுக்கு ஆலோசகர்கள். அது தப்பில்லை. ஆனால் டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய கருத்துரையில் கையெழுத்திட்டவர் அதே திட்டத்தின் கேள்விப்பத்திர (டெண்டர்) குழுவில் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தால், கருத்துரையை யாரும் படிக்க மாட்டார்கள். அரச சேவையில் உள்ள உறுப்பினர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஊடகத்துக்குப் பேசுவதை அரச ஊழியர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவை கட்டுப்படுத்துகிறது. அவர்களை வரைவு எழுத வையுங்கள், கமெராவுக்கு முன் நிறுத்த வேண்டாம்.

3. ஒரு விஷயத்தைப் பிடியுங்கள்

வருடத்துக்கு ஒன்று. அதிகம் போனால் இரண்டு. "உங்களைவிட நன்றாக இதை வேறு யாரும் சொல்ல முடியாது" என்ற இடமாக அது இருக்க வேண்டும். கருத்துச் சுதந்திரம் பற்றி வழக்கறிஞர்கள் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் "24 மணித்தியாலத்துக்குள் எல்லா இடங்களிலிருந்தும் அழிக்க வேண்டும்" என்று ஒரு வரைவு சொன்னால், காப்புப் பிரதிகள் எங்கெங்கே இருக்கும், அதிலிருந்து ஒரே ஒரு பதிவைப் பிடுங்குவது ஏன் சிரமம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

4. எண்ணுங்கள்

டோல்பி ஆய்வு மாதிரி ஒன்றை நாளையே தொடங்க முடியாது. ஆனால் இருப்பதைப் படிக்கலாம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவையும் டிஜிட்டல் எழுத்தறிவையும் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துத் தருகிறது. தோட்டப் பகுதி வரிசை எப்போதும் கடைசியில். ஒரு சேவையை முழுக்க இணையவழிக்கு மாற்றப் போகிறார்கள் என்றால், அந்த அட்டவணையைக் கருத்துரையின் முதல் பக்கத்தில் வையுங்கள். கொழும்பில் உட்கார்ந்து வடிவமைக்கும் செயலி ஹட்டனில் யார் கையில் திறக்கும் என்று அது கேட்கும்.

இல்லாத தரவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில். தமிழில் எழுதலாம். படிவம் கட்டாயமில்லை, கடிதம் போதும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கேள்வியை மட்டும் கூர்மையாகக் கேளுங்கள். "டிஜிட்டல் மயமாக்கல் பற்றிய தகவல்" என்று கேட்டால் ஒரு விளம்பரப் பிரசுரம் வரும். "தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியர் வெற்றிடங்கள், மாவட்ட வாரியாக" என்று கேட்டால் ஓர் அட்டவணை வரலாம்.

5. எழுதுங்கள்: பிரிவு, சொல், பதில், காரணம்

இப்போது அந்த உத்தியோகத்தரின் கேள்விக்கு வருவோம். இரண்டாவது தடவை நாங்கள் கொண்டுபோனது மூன்று பக்கம். முதல் பக்கத்தில் நாங்கள் யார், என்ன கேட்கிறோம். மற்ற இரண்டில் நான்கு நிரல் கொண்ட ஓர் அட்டவணை: எந்தப் பிரிவு, இப்போது என்ன இருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன வேண்டும், ஏன். நான்காவது நிரலுக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. 26 பக்கத்தில் இருந்ததெல்லாம் பின்னிணைப்பாகத் தனியே போனது.

ஒரு கற்பனை உதாரணம். வரைவில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "சேவை வழங்குநர் பாவனையாளரின் கடவுச்சொல்லைப் பாதுகாப்பாக வைத்திருத்தல் வேண்டும்." 'பாதுகாப்பாக' என்றால் என்ன? இரும்பு அலுமாரியில் வைத்தாலும் பாதுகாப்புத்தான். கணினிக்காரர் உடனே மறுமுனைக்கு ஓடுவார், ஒரு குறிப்பிட்ட வழிமுறையின் பெயரைச் சட்டத்தில் எழுதச் சொல்வார். அதுவும் தவறு. கடவுச்சொல்லை உருமாற்றி வைக்கும் எம்.டி.5 என்ற வழிமுறை ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்தியது. 2004இல் அதை உடைத்துக் காட்டினார்கள். சட்டத்தில் அந்தப் பெயர் இருந்திருந்தால், உடைந்த பூட்டைப் போடும்படி சட்டமே கட்டாயப்படுத்தியிருக்கும். ஆகவே: "மூலக் கடவுச்சொல்லை எவரும் மீளப் பெற முடியாத வடிவில், அதிகாரசபை காலத்துக்குக் காலம் வெளியிடும் தரநியமத்துக்கு அமைய வைத்திருத்தல் வேண்டும்." சட்டம் விளைவைச் சொல்கிறது, தரநியமம் வழியைச் சொல்கிறது. வழி மாறினால் பாராளுமன்றத்துக்கு மீண்டும் போக வேண்டியதில்லை.

'எதிர்க்கிறோம்' என்ற சொல்லைச் சேமித்து வையுங்கள். எல்லாப் பிரிவுக்கும் அதைப் போட்டால் ஒன்றுக்கும் பெறுமதி இராது. உண்மையிலேயே செய்யக்கூடாத ஒன்று இருந்தால், அதற்கு மட்டும்.

6. மூன்று மொழியிலும் படியுங்கள்

தமிழ் வாசகர்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டும். கொழும்பில் தொழில்நுட்ப வரைவுகள் மீதான விவாதம் ஆங்கிலப் பிரதியை வைத்தே நடக்கிறது. ஆனால் சட்டம் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படுகிறது. ஆங்கிலம் மொழிபெயர்ப்பு மட்டுமே. சட்டத்தின் கடைசி வாசகத்தைப் படித்தீர்களானால், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். அப்படியானால் நாம் மணிக்கணக்காக வாதாடிய ஆங்கிலச் சொல் நீதிமன்றத்தில் கணக்கிலேயே இல்லை. சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கொள்கைக் குழுவில் இல்லாவிட்டால் அந்தக் குழு அரைக் குருடு.

தமிழ் உரையைப் படிக்கச் சங்கங்களுக்குள் ஆளே இல்லை என்பது இன்னும் பெரிய குறை. ஓர் எழுத்தைக் கணினிக்குள் எண்ணாக மாற்றி வைப்பதையும் 'குறியாக்கம்' என்கிறோம். ஒரு செய்தியைச் சாவி போட்டுப் பூட்டுவதையும் சிலர் 'குறியாக்கம்' என்கிறார்கள். "தரவுகள் குறியாக்கம் செய்யப்படல் வேண்டும்" என்று ஒரு சட்டம் தமிழில் சொன்னால், யூனிகோடில் தட்டி வைத்தாலே கடமை முடிந்தது என்று ஒருவர் வாதாடலாம். சிரிப்பாக இருக்கும், வழக்கில் சிரிப்பு வராது. 'மறைகுறியாக்கம்' என்று கேட்டு வாங்குங்கள். அதேபோல 'தரவு', 'தகவல்' இரண்டும் ஒரே வரைவில் மாறி மாறி வந்தால் அட்டவணையில் தனி வரியாகச் சேருங்கள்.

இந்த வேலையில் நமக்கு நல்ல முன்னுதாரணம் ஒன்று உண்டு. எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தோடு 2008இல் வந்த தமிழ் எழுத்துருவகத் தரநியமம். தமிழைக் கணினியில் எப்படிச் சேமிப்பது, விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே என்பதை அரச தரநியமமாகப் பதித்தது அது. தெருவில் இறங்கி யாரும் கோஷம் போடவில்லை. குழு அறைகளில் நடந்த வேலை. ஆனாலும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய அரச ஆவணங்கள் இன்னமும் கண்ணில் படத்தான் செய்கின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், அகப்படாது. தரநியமம் வந்துவிட்டதென்பதால் வேலை முடிந்துவிடவில்லை.

7. கொண்டுபோய்ச் சேருங்கள்

அமைச்சருக்குக் கடிதம் எழுதுவது எல்லாரும் செய்வது. எழுதுங்கள், ஆனால் பிரதியை அமைச்சின் செயலாளருக்கும், வரைவைக் கையில் வைத்திருக்கும் மேலதிகச் செயலாளருக்கும் அனுப்புங்கள். அந்த இரண்டாமவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் வெளியாரை அழைத்துக் கேட்க முடியும். குழுவின் செயலாளருக்கு "அழைத்தால் வருவோம்" என்று மூன்று வரி எழுதி வையுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் அதே தாள், அதே வார்த்தை. ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த தேர்தலோடு உங்கள் சங்கம் தோற்றுவிடும்.

பாராளுமன்றம் இருக்கும் தியவன்னாவுக்குப் போகிற நாளில் இரண்டு பேர் மட்டும் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க. ஏழு பேராசிரியர்களோடு போன ஒரு சந்திப்பில் எங்களுக்குக் கிடைத்த இருபது நிமிடத்தில் பதினாலு நிமிடம் அறிமுகத்திலேயே போனது.

ஊடகத்துக்கு வரும்போது ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரை ஒன்று வந்ததும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அதே விஷயத்தைத் தமிழ் நாளிதழுக்கு அறுநூறு சொல்லில் எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்த்து அல்ல, புதிதாக. வெள்ளவத்தையில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவர் தன் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியை என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கட்டும்.

8. நீதிமன்றம்

அது கடைசி வழி. சங்கமே மனுதாரராக வேண்டுமென்றில்லை. மனுப் போடுபவரின் சட்டத்தரணிக்குத் தொழில்நுட்ப விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அதுவே அதிகப் பயன். நாட்கள் மிகக் குறைவு என்பதால் குறிப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

9. சட்டம் வந்த பிறகு வீட்டுக்குப் போகாதீர்கள்

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் சான்றுரை பெற்றது, அந்த வருடத்தின் 9 ஆம் இலக்கம். வாழ்த்துச் செய்திகள் பறந்தன. ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, அதுவும் தள்ளிப்போனது. சட்டம் ஒரு எலும்புக்கூடு. அதிகாரசபை, ஒழுங்குவிதிகள், வழிகாட்டல்கள் எல்லாம் பின்னால்தான் வருகின்றன. ஒழுங்குவிதியும் வர்த்தமானியில் வருவதுதான், ஆனால் அதைப் பற்றித் தொலைக்காட்சியில் விவாதம் நடக்காது. கணினித் துறையின் அறிவு உண்மையில் தேவைப்படுவது அங்கேதான்: எத்தனை நாளுக்குள் தரவுக் கசிவை அறிவிக்க வேண்டும், சின்னக் கடைக்கும் வங்கிக்கும் ஒரே விதியா, பாடசாலை ஒன்று மாணவர் விபரத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம். அந்தக் கட்டத்தில் கூட்டத்துக்கு வருபவர்கள் மிகக் குறைவு. இரண்டு நல்ல ஆய்வு மாணவர்களும் நான்கு நிரல் அட்டவணை ஒன்றும் இருந்தால் உங்கள் வாசகம் அப்படியே ஏறக்கூடிய இடம் அது.

கடைசியாக, கோப்பு. செயற்குழு வருடாவருடம் மாறும். யாரைச் சந்தித்தோம், என்ன கொடுத்தோம், எது ஏற்கப்பட்டது என்பதெல்லாம் முன்னாள் செயலாளரின் ஜிமெயிலில் கிடந்தால், புதியவர்கள் மறுபடி 26 பக்கம் எழுதத் தொடங்குவார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதற்குள் ஒரு கோப்புறை, அதன் கடவுச்சொல் குறைந்தது மூன்று பேரிடம். எங்களுடையது ஒருவரிடம் மட்டும் இருந்தது. அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போன வருடம், வங்கிக் கணக்கைத் திறப்பதைவிட அதைத் திறக்க அதிக நாள் எடுத்தது.